வைரக்கண்ணு நேராக்கிய தகடுகள்

வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருந்த வைரக்கண்ணுவுக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். கோணல். சுவரில் ஒரு படம் அரை விரல் சாய்ந்திருந்தால் போதும், சாப்பாட்டிலிருந்து எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்துதான் அடுத்த கவளம் எடுப்பார். அடுத்த வீட்டுப் படமானாலும் அப்படித்தான்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. நாகப்பட்டினத்தில் ஒரு பழைய சாமான் கடையில், ஜப்பான்காரன் எந்தக் காலத்திலோ செய்த டியூனர் ஒன்றைப் பார்த்தார். டியூனர் என்பது ரேடியோவின் காது மட்டும். வாய் கிடையாது. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். வெள்ளி முகப்பு, மர உறை, நீளக் கண்ணாடி, அதற்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். வைரக்கண்ணுவைப் பொறுத்தவரை அந்த விளக்கு அன்றிலிருந்து பெட்டிக்குள் குடிவந்துவிட்டது.

"சக்களத்திக்கு மரத்துல சட்டை வேற" என்றாள் அவர் மனைவி தையல்நாயகி. ஆனால் தினமும் தூசி தட்டியது அவள்தான்.

பெட்டி வந்த பிறகுதான் அதைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. கோடியக்கரையில் பிலோமினா என்று ஒருத்தர் இருக்கிறார், பழைய டியூனர் வைத்திருப்பவர்கள் எல்லாம் அவரிடம்தான் போகிறார்கள் என்று சொன்னார்கள். வைரக்கண்ணு போய்ப் பார்த்தார். நாற்பது வயதுப் பெண். வானொலி நிலையத்தில் ஒலிபரப்புக் கோபுரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இன்ஜினியர். வேலையை விட்டுவிட்டு, மாடியில் ஏரியலைக் கடல் பக்கம் திருப்பிவைத்து, காற்றில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை, யாரையும் போ என்று சொன்னதுமில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்வரை வைரக்கண்ணு "தங்கச்சி" என்பார். பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் "டீச்சரம்மா". பிலோமினாவுக்கு அவர் இரண்டு இடத்திலும் அண்ணன்தான்.

முதல் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு டியூனருக்கு எது முக்கியம் டீச்சரம்மா?"

பிலோமினா தன் பெட்டியின் பெரிய குமிழில் ஒரு விரலை வைத்தார். லேசாக ஒரு சுண்டு. கையை எடுத்துவிட்டார். கனமான குமிழ் தானாகச் சுழன்றது. சிவப்பு முள் கண்ணாடிக்குப் பின்னால் மிதந்து போனது, மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஓரிடத்தில் நின்றது. அவ்வளவுதான் பதில்.

வைரக்கண்ணு ஆழமாகத் தலையாட்டினார். குமிழ் வழுக்க வேண்டும் என்பதுதான் பாடம் என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தன் குமிழுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். வெள்ளி முகப்பில் எண்ணெய் வழிந்த தடத்தைத் துடைக்கத் தையல்நாயகிக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவருக்குப் பிடிக்காத இன்னொன்றும் டியூனரில் இருந்தது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் வரும் இரைச்சல். அதை அடக்க முகப்பில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நிலையம் இருக்கும் இடத்தில் மட்டும் பாட்டு, மற்ற இடத்தில் மௌனம். வைரக்கண்ணு அந்தப் பொத்தானை வாங்கிய அன்றே அழுத்தினார். பிறகு வெளியே எடுக்கவேயில்லை.

இனி அவர் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகள் பெயர் மொழியரசி. வீட்டில் அரசி. வேதாரண்யத்து அம்மன் குரலுக்கு முன்னால் யாழே தோற்றுப் போனது, அதனால்தான் எங்கள் ஊர்ச் சரஸ்வதி கையில் வீணை இல்லை என்று வைரக்கண்ணு ஊரெல்லாம் பெருமை பேசுவார். அந்த நினைப்பில் வைத்த பெயர். சிதம்பரத்தில் படிக்கும்போது ஒரு பருத்தித்துறைப் பையனைப் பார்த்தாள். கட்டினால் அவனைத்தான் என்று நின்றாள். கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். போய் இரண்டு வருடம். பேச்சில் அந்த ஊர் வாடை ஏறிவிட்டது.

"நல்லாக் கதைச்சன்பா" என்பாள் போனில்.

"பேசினேன்னு சொல்லு."

"பேசினேன்பா."

ஒரு நாள் போன் செய்தவள் மூச்சுவிடாமல் பேசினாள். அங்கே புதிதாக ஒரு சின்ன வானொலி நிலையம் வருகிறது. ஒரு கோபுரம், ஒரு அறை, நாலு பேர். அதில் அவளும் ஒருத்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் ஒலிபரப்பு. முதல் குரல் அவளுடையது.

"நெட்டுல வர இன்னும் நாளாகும்பா. நான் ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன்."

"ரெக்கார்டு எதுக்கு? நடுவுல கடல்தானே இருக்கு. நீ காத்துல வா. நான் புடிச்சிக்கிறேன்."



"நெசமாவாப்பா? அந்த நிமிசமே கேப்பீங்களா?"

"அந்த நிமிசமே."

"அப்பன்னா எனக்குப் பயமில்ல. நீங்க கேக்குறீங்கன்னு நெனச்சிக்கிட்டே பேசிடுவேன்."

அன்று வைரக்கண்ணு உப்பளத்துக்குப் போகவில்லை. கால் தரையில் பாவினால்தானே. ராத்திரி உட்கார்ந்து அவளுக்காக ஒரு வரவேற்புரை எழுதினார். "அன்பார்ந்த நேயர்களே, கடல் கடந்து காற்றலைகளில் தவழ்ந்து வரும்" என்று தொடங்கியது. அதைப் போனில் அனுப்பிவிட்டு, ஒரு எழுத்துப் பிசகக் கூடாது என்றும் சொன்னார்.

"சரிப்பா" என்றாள் அரசி.

வெள்ளிக்கிழமைக்குள் வேதாரண்யத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அவர் நண்பர் பக்கிரிசாமி சொல்லிவிட்டார். பக்கிரிசாமி உப்பு லாரி வைத்திருப்பவர். அவர் வாய்க்கு பிரேக் கிடையாது. மாடியில் பந்தல், வாடகை நாற்காலி, பெரிய ஸ்பீக்கர் இரண்டு, தையல்நாயகியின் சுண்டல் ஒரு அண்டா. ஏரியலைத் தென்கிழக்கே திருப்பி, சாய்வில்லாமல் நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாயிற்று.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விசேஷ நாளாயிற்றே, பெட்டிக்கும் உள்ளே ஒரு தடவை தூசி தட்டிவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை காலையில் மர உறையைக் கழற்றினார்.

உள்ளே ஒரு தண்டில் அரைவட்டத் தகடுகள் கட்டுக் கட்டாகக் கோத்திருந்தன. குமிழைத் திருப்பினால் அந்தத் தகடுகள் எதிர்த் தகடுகளின் இடைவெளிக்குள் உரசாமல் நுழையும். எவ்வளவு நுழைகிறதோ அதற்கேற்ற நிலையம் வரும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு கட்டிலும் கடைசித் தகடு மட்டும் விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தது.

"எந்தப் பாவி கீழ போட்டானோ" என்றார் வைரக்கண்ணு.

மனம் பொறுக்கவில்லை. அம்மாம் பெரிய பயணம் செய்துவரும் குரல், இந்தக் கோணல் தகட்டிலா வந்து இறங்குவது? சின்ன இடுக்கி ஒன்றை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக நிமிர்த்தினார். முடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது எல்லாத் தகடும் ஒரே கோட்டில் நின்றன. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மத்தியானம் பெட்டியைப் போட்டார். காரைக்கால் நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் காரைக்கால் இல்லை. குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் வரும் நாலைந்து நிலையங்களில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மௌனம். சிக்னல் காட்டும் முள் படுத்தது படுத்தபடி கிடந்தது.

பக்கிரிசாமி படியேறி வந்தார்.

"நாற்காலி பத்தாது போலருக்கே. இன்னும் ஒரு வண்டி சொல்லட்டுமா?"

வைரக்கண்ணு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

கோடியக்கரையில் பிலோமினா டீ குடித்துக்கொண்டிருந்தார். வைரக்கண்ணு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தங்கச்சி, போச்சு."

"என்னா போச்சுண்ணே?"

"காரைக்காலைக் காணோம்."

"ஊரையா, ஸ்டேஷனையா?"

"விளையாடாதம்மா. ஆறு மணிக்கு எம்பொண்ணு பேசப் போவுது."

"பெட்டியை என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. நேராக்குனேன்."

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதை?"

"கடைசித் தகடெல்லாம் கன்னாபின்னான்னு வளைஞ்சு கெடந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடலை. தண்ணி மட்டம் புடிச்ச மாதிரி ஆக்கிட்டேன்."

பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. சிரிப்பை அடக்குவது மாதிரி இருந்தது.

"உங்க உப்புப் பாத்தியெல்லாம் தண்ணி மட்டமாண்ணே?"

"அதெப்படி? வாட்டம் இல்லன்னா உப்புத்தண்ணி எப்புடி ஓடும்? பாத்திக்குப் பாத்தி இவ்வளவுன்னு வாட்டம் குடுத்துதான்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இருங்க, செருப்பைப் போட்டுக்கிட்டு வர்றேன்" என்றார் பிலோமினா.

அவர்கள் மாடி ஏறும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. கூட்டம் சேர்ந்துவிட்டது. கடல் காற்றில் பந்தல் துணி படபடத்தது. பக்கிரிசாமி தன் லாரி ரேடியோவையே கழற்றிக்கொண்டு வந்து, பேட்டரியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காரைக்கால் வந்தது. அக்கரை வரவில்லை.

பிலோமினா மர உறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அழகாத்தான் நேராக்கியிருக்கீங்க."

"வளைச்சவன் யாரு டீச்சரம்மா?"

"ஜப்பான்ல யாரோ. காதால கேட்டுக் கேட்டு ஒவ்வொரு துண்டா வளைச்சிருப்பாங்க. இந்தத் துண்டு உள்ள நுழையிற இடத்துல இந்த ஸ்டேஷன், அந்தத் துண்டு நுழையிற இடத்துல அந்த ஸ்டேஷன்னு."



"அப்ப நீங்க அதைப் பழையபடி வளைச்சிடுங்க."

"பழையபடின்னா எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒரு துண்டுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"கோணலா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அதுக்கு மேல நான் பாக்கலை."

பிலோமினா கைப்பையைத் திறந்து ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து நீட்டினார். நுனியைச் சீவி வைத்திருந்தார்.

"நீங்கதான் வளைக்கணும்."

"நானா? என் கை நடுங்குது டீச்சரம்மா."

"நேராக்கினப்ப நடுங்கலையே."

சொல்லிக்கொண்டே முகப்பில் இருந்த பொத்தானை அமுக்கி வெளியே எடுத்தார். வாங்கிய அன்று உள்ளே போன பொத்தான்.

இரண்டு பெரிய ஸ்பீக்கரிலிருந்தும் இரைச்சல் கொட்டியது. சனம் காதைப் பொத்திக்கொண்டது. சுண்டல் அண்டா மூடி கிடுகிடுத்தது.

"என்னய்யா இது, பொண்ணு பேசும்னு சொன்ன, அடைமழை பெய்யுது?" என்று கத்தினார் பக்கிரிசாமி.

வைரக்கண்ணு பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். பிலோமினா தடுத்தார்.

"இதைத்தான் கேக்கணும்."

"இந்தச் சத்தத்துல எதைக் கேக்குறது?"

"எங்க குறையுதுன்னு கேளுங்க. கோபுரத்தை இந்நேரம் ஆன் பண்ணியிருப்பாங்க. ஆனா யாரும் இன்னும் பேசலை. பேசாத ஸ்டேஷன் எப்படிக் கேக்கும் சொல்லுங்க."

"ஒண்ணும் கேக்காது."

"இரைச்சல் கேக்காது."

பிலோமினா குமிழை மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் காரைக்கால் கரகரவென்று வந்து போனது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தது. அரசியின் நிலையம் காரைக்காலுக்கு முந்திய நம்பர் என்பதால், அதற்குக் கொஞ்சம் இடது பக்கம் போனார். இரைச்சல், இரைச்சல், மறுபடி இரைச்சல். அப்புறம் ஓரிடத்தில் பிசிறு லேசாக மாறியது.

"இங்க" என்றார் வைரக்கண்ணு. தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். "இங்க மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கு."

பிலோமினா திரும்பி அவரைப் பார்த்தார். அன்றுதான் முதல் தடவையாக, கேட்கத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இந்தக் கோடியில இருக்குற கட்டைத் தொடாதீங்க. அதுதான் கண்ணாடியில நம்பரைச் சரியாக் காட்டுறது."

"நம்பர் தப்பாக் காட்டுதே டீச்சரம்மா."

"காட்டட்டும். உங்க பொண்ணு நம்பர்லயா இருக்கு? மத்த ரெண்டு கட்டுலயும் இப்ப உள்ள நுழையிற துண்டு எதுன்னு பாருங்க. அதை வளைங்க."

"எந்தப் பக்கம்?"

"கேட்டா தெரியும்."

வைரக்கண்ணு குச்சியை உள்ளே விட்டார். தகட்டைத் தொட்டாரோ இல்லையோ, இரைச்சல் சட்டென்று பாதியாக இறங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துடுச்சு."

"கையை எடுங்க."

எடுத்தார். இரைச்சல் மறுபடி ஏறிக்கொண்டது.

"நல்லாத்தானே வந்துச்சு?"

"உங்க கையும் அதுக்கு ஒரு தகடு மாதிரிதான். கை பக்கத்துல இருக்குறவரைக்கும் நல்லா வரும்."

"அப்ப நான் இப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?"

வைரக்கண்ணு குச்சியை மறுபடி உள்ளே விட்டார்.

"வளைங்க. கையை எடுத்துட்டுக் கேளுங்க. மறுபடி வளைங்க."

அப்படியே செய்தார். ஒரு தடவை வளைத்துக் கையை எடுத்தபோது இரைச்சல் ஏறியது. மறு பக்கம் வளைத்து எடுத்தபோது கொஞ்சம் இறங்கியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க நேரமில்லை. ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"போதுமா?"

"இன்னும் கோணலாக்குங்கண்ணே."

"இதுக்கு மேலயா? பாக்கச் சகிக்கலையே."

"பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு வளைங்க."

பக்கிரிசாமி நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைரக்கண்ணு ஒண்ணைக் கோணலாக்குறதை உசிரோட இருக்கும்போதே பாத்துட்டேன். இனிமே எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் அவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வைரக்கண்ணு வளைத்துக் கையை எடுக்கும்போதெல்லாம் மாடி முழுக்க மூச்சைப் பிடித்தது. அடைமழை தூறலானது. தூறல் வாசல் தெளிப்பதுபோல் விட்டுவிட்டு வந்தது. முதல் கட்டு முடிந்து இரண்டாம் கட்டில் குச்சி நுழைந்தது. படுத்துக் கிடந்த முள் தலையைத் தூக்கியது. 

ஒரு வளைப்பு. மயிரிழைதான். கையை எடுத்தார்.

சத்தம் நின்றுவிட்டது.

"போச்சு. பெட்டி அணைஞ்சுபோச்சு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

தையல்நாயகி சுண்டல் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே கேக்கலையே."

"ஆமா" என்றார் வைரக்கண்ணு. "கேளு."

ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பொத்தான் கொடுத்த மௌனம் மாதிரி இது செத்துக் கிடக்கவில்லை. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு மேசையில் கண்ணாடி வளையல் இடிபடும் சத்தம் கேட்டது.

தையல்நாயகி கரண்டியைக் கீழே போட்டாள்.

"அது நான் குடுத்த வளையல்ங்க."

மாடியே எழுந்து நின்றது. எல்லார் கையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்தது. வைரக்கண்ணுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் இரண்டையும் தடுக்கவில்லை.

மணி ஆறு.

"அன்பார்ந்த நேயர்களே" என்றது அரசியின் குரல். அவ்வளவு பக்கத்தில் இருந்தது. "கடல் கடந்து காற்றலைகளில் தவழ்ந்து..."

நின்றது.

காகிதம் நொறுங்கும் சத்தம் கேட்டது. வைரக்கண்ணுவின் உதடு அடுத்த வார்த்தையைத் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கி, முடியாமல், உடைந்து வந்த சிரிப்பு.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கப்பா நல்லா எழுதித்தான் தந்தவர். எனக்கு வாய் கோணுது. நான் சும்மா கதைக்கட்டே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கிரிசாமி கைதட்டினார். வைரக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. கதைக்கட்டே. முதல் ஒலிபரப்பில், ஊரே கேட்கும்போது, கதைக்கட்டே. கை தன்னால் சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. காகிதம் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு அழைப்பு, ஒரே ஒரு சொல், பேப்பரைப் பாரும்மா. திரையில் அரசியின் பெயர் வந்துவிட்டது. கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

"அக்கரையில வேதாரண்யத்துல எங்கப்பா இப்ப பெட்டிக்கு முன்னால குந்திக்கிட்டு இருப்பார்" என்றது ஸ்பீக்கர். பாதி அந்த ஊர்ப் பேச்சு, பாதி இந்த ஊர்ப் பேச்சு. "அவர் கேக்குறார் எண்ட தைரியத்துலதான் நான் கதைக்கிறன். அப்பா, கேக்குதோ?"

பிலோமினா திரும்பவில்லை. அவர் கண் முள்மேலேயே இருந்தது.

"கையை எடுங்கண்ணே" என்றார்.

வைரக்கண்ணு தன் கையைப் பார்த்தார். அது பெட்டிக்குப் பக்கத்திலேயே இல்லை.

"நான் பெட்டியைத் தொடலையே டீச்சரம்மா. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் திருத்திட்டா..."

"கையை எடுத்துட்டுக் கேளுங்க."